உறைந்த நதியும் கிளாலிக் கடலும்

கடந்த மாதம் போயா தினத்தன்று வெள்ளவத்தையிலிருந்து என் தங்கையின் மகன் கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்தான். கணினி நிறுவனம் ஒன்றிலே பணிபுரிபவன். முப்பது வயதைத் தாண்டியவன். வழக்கமாக விடுமுறை நாளில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் தேடி வந்தானென்றால் ஏதோ காரியம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இருந்தது.

"மாமா, வாற ஜனவரியில நாங்கள் நாலு பேர் லடாக் போகப் போறம். உறைஞ்ச ஆத்துக்கு மேலால நடக்கிற பயணம். நீங்கள் பேப்பர்க்காரன், அதைப் பற்றி ஏதும் வாசிச்சிருப்பியள் எண்டு வந்தனான்" என்றான்.

கையில் ஒரு தாள். ஒன்பது நாட்களுக்கான நிகழ்ச்சி நிரல், கட்டம் கட்டமாக அச்சிடப்பட்டிருந்தது. முதல் நாள் கொழும்பிலிருந்து டில்லி. இரண்டாம் நாள் டில்லியிலிருந்து லே. மூன்றாம் நாள் காலையிலேயே நடை தொடக்கம். ஒன்பதாம் நாள் இரவு கட்டுநாயக்கா. பத்தாம் நாள் காலை அலுவலகம். ஒரு மணித்தியாலம்கூட மிச்சமில்லாத திட்டம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி மேசையில் இருந்த பழக்கம் என்னை விடவில்லை. அவன் கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன்னர் அந்தப் பாதையின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அதனைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

பூட்டிய பள்ளத்தாக்கு

லடாக்கின் தென்பகுதியில், பெரும் இமயத் தொடருக்கும் சன்ஸ்கார் மலைத்தொடருக்கும் இடையே அமைந்திருப்பது சன்ஸ்கார் பள்ளத்தாக்கு. பதும் என்ற சிற்றூருக்கு அருகே இரண்டு ஆறுகள் ஒன்று கலந்து சன்ஸ்கார் நதியாகின்றன. அந்நதி வடக்கு நோக்கி மலையை அறுத்துக்கொண்டு ஓடி, நிமு என்ற ஊருக்கு அருகே சிந்து நதியுடன் சேர்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சன்ஸ்காரில் வாழ்ந்தோர் சுமார் 14 ஆயிரம் பேர். நமது கொட்டாஞ்சேனையின் சில வீதிகளுக்குள் அடங்கிவிடக்கூடிய மக்கள் தொகை.

கார்கிலிலிருந்து பதுமுக்கு மோட்டார் வீதி வந்தது 1980ஆம் ஆண்டளவிலேதான். அந்த வீதியும் சுமார் 4,400 மீற்றர் உயரமுள்ள பென்சி லா கணவாயைக் கடந்தே வரவேண்டும். குளிர்காலப் பனிப்பொழிவில் அக்கணவாய் மாதக்கணக்கில் மூடிவிடும். ஏனைய கணவாய்களும் அவ்வாறே. வெளியுலகுக்குச் செல்லும் கதவுகள் எல்லாம் பூட்டப்பட்ட பின்னர், இயற்கை ஒரேயொரு கதவைத் திறந்து வைத்தது. அது அந்த நதிதான்.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 25 பாகை செல்சியஸ் வரை இறங்கும்போது, நதியின் மேற்பரப்பு உறைந்து பனிக்கட்டித் தளமாகிறது. அடியிலே நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்தத் தளத்தையே 'சாதர்' என்கிறார்கள். விரிப்பு, போர்வை என்று பொருள். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். நடுவே அந்த வெள்ளை விரிப்பு. கோடையில் நடக்கவே வழியில்லாத அந்த மலையிடுக்கு, குளிர்காலத்தில் சுமார் 100 கிலோமீற்றர் நீளமான வீதியாக மாறியது.

அந்த வீதியில் நடந்தவர்கள் வேடிக்கைக்காக நடக்கவில்லை. சன்ஸ்கார் வெண்ணெய்க்கு லே சந்தையில் நல்ல மதிப்பு இருந்தது. கோடை முழுவதும் சேர்த்த வெண்ணெயை முதுகில் சுமந்து சென்று விற்று, வீட்டுக்குத் தேவையான பொருட்களுடன் பனி இளகுவதற்கு முன் திரும்பினார்கள். இரவில் ஆற்றங்கரைக் குகைகளில், நதி ஒதுக்கிய மரத்துண்டுகளை எரித்துக் குளிர்காய்ந்து, வறுத்த பார்லி மாவையும் வெண்ணெய்த் தேநீரையும் உணவாகக் கொண்டார்கள். பிற்காலத்தில், லேயில் உள்ள பாடசாலைகளில் படித்த பிள்ளைகளைத் தந்தையர் இதே பனிவழியே அழைத்துச் சென்றனர். சில இடங்களில் தோளிலே சுமந்தும் சென்றனர்.

குளிரைக் கணித்தவர்களும் கணிக்காதவர்களும்

இப்பள்ளத்தாக்கின் குளிர்காலத்தை எழுத்துலகோடு இணைத்தவர் ஒரு ஹங்கேரியர். அலெக்சாண்டர் சோமா டி கோரஸ் என்பது அவர் பெயர். தம் இனத்தின் பூர்வீகத்தைத் தேடி ஆசியாவுக்குப் புறப்பட்டவர், 1822இல் லேயை அடைந்தார். 1823இலிருந்து 1824 வரை சன்ஸ்காரின் சங்லா என்ற ஊரில், ஒரு லாமாவிடம் திபெத்திய மொழி கற்றார். குளிர்காலத்தில் சிறிய அறையொன்றுக்குள் ஆட்டுத்தோலைப் போர்த்தியபடி அமர்ந்து ஏடுகளைப் படித்தார். பின்னர் புக்தால் மடாலயத்திலும் தங்கினார். அந்த உழைப்பின் பயனாக 1834இல் கல்கத்தாவில் அவருடைய திபெத்திய - ஆங்கில அகராதியும் இலக்கண நூலும் வெளிவந்தன. குளிர்காலத்தில் எங்கும் போக முடியாது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப வேலையை வகுத்துக்கொண்டவர் அவர்.

அதே 1834ஆம் ஆண்டில் லடாக் மீது படையெடுத்தவர் ஜம்முவின் டோக்ரா தளபதி சொராவர் சிங். கணவாய்களை எல்லாம் வென்ற அவருடைய படை, 1841இல் மேற்குத் திபெத்துக்குள் நுழைந்தது. குளிர்காலம் தொடங்கும் முன் திரும்பவில்லை. டிசம்பர் மாதத்தில், உறைபனியால் கைகால் மரத்துப்போன நிலையிலே அப்படை அழிந்தது, தளபதியும் மாண்டார். வீரர்கள் குளிர் தாங்காமல் தங்கள் துப்பாக்கிகளின் மரப்பாகங்களைக்கூட எரித்துக் குளிர்காய்ந்தனர் என்பதை, 1854இல் வெளியான தமது நூலில் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் பதிவு செய்திருக்கிறார். அந்தப் படையிடம் துணிச்சலுக்குக் குறைவில்லை. நாட்கணக்குத்தான் பிழைத்துவிட்டது.

சன்ஸ்கார் மக்களோ நாட்கணக்கில் பயணத்தை அளப்பவர்கள் அல்லர். நதியைக் கேட்டு நடப்பவர்கள். முன்னே செல்பவர் கையிலே ஒரு தடி இருக்கும். அதனால் தட்டித் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு பனியின் தடிப்பைக் கணிப்பார். தெளிந்த வானமுள்ள இரவு கடுங்குளிரைத் தரும், பனிக்கட்டி தடிக்கும். மேகம் மூடிய இரவில் குளிர் குறையும், பனிக்கட்டி நலிவடையும். எங்கோ கீழே பனிப்பாளங்கள் அடைத்துக்கொண்டால், நீர் மேலேறிப் பனித்தளத்தின்மீது வழியும். அப்போது பாறைச்சுவரைப் பற்றி ஏறிக் கடக்க வேண்டும். அல்லது குகைக்குள் இருந்து, நதி மறுபடி உறையும்வரை ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்க வேண்டும். காத்திருப்பதும் அவர்களுடைய பயணத்தின் ஒரு பகுதி.

நதி முற்றாக மறுத்த ஆண்டும் உண்டு. 2014 டிசம்பர் இறுதியில் சன்ஸ்காரின் மேல்பகுதியில் மலைச்சரிவு ஏற்பட்டு, புக்தால் ஆற்றை அடைத்தது. அதன் பின்னால் ஏரியொன்று உருவாகியது. அது எப்போது உடையும் என்று எவராலும் சொல்ல இயலாதிருந்ததால், 2015ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சாதர் நடைக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் அடைப்பு உடைந்து, வெள்ளம் பாலங்களை அடித்துச் சென்றது.

நம் வீட்டுப் பாதை

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மருமகன், "அந்தக் காலத்துச் சனம் எப்பிடித்தான் துணிஞ்சுதுகளோ மாமா, சின்னப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீயும் அப்பிடி ஒரு பாதையால வந்தனிதான். உனக்கு அப்ப எட்டு மாதம்" என்றேன்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. கண்டி - யாழ்ப்பாணம் வீதி மூடப்பட்டது. 1991இல் ஆனையிறவில் பெருஞ்சமர் நடந்தது. குடாநாட்டிலிருந்து வெளியே வருவதற்கு மக்கள் முதலில் கொம்படி - ஊரியான் வழியாகச் சேற்றிலும் நீரிலும் நடந்தார்கள். அவ்வழியும் அடைபட்ட பின்னர் கிளாலிக் கடனீரேரியே கதியாயிற்று. இரவிலே, விளக்கின்றி, இயந்திரம் பூட்டிய படகொன்றின் பின்னால் வரிசையாகக் கட்டப்பட்ட படகுகளில் ஏறிப் பூநகரிப் பக்கம் கரை சேர்ந்தார்கள். கரை சேராதவர்களும் பலர். 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அந்தக் கடலில் நடந்தது, அக்காலத்தில் பத்திரிகை படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த ஆண்டின் நடுப்பகுதியில், வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வரவேண்டியிருந்த என் தங்கை, எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படகில் ஏறினாள். குழந்தை அழுதுவிடக்கூடாதே என்பதுதான் அவளுடைய முழுக் கவலையாக இருந்ததாம். அதே இரவில் நான் கொழும்பிலே, செய்தி மேசையில், கிளாலி பற்றிய நாலு வரிச் செய்தி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் அன்றைக்குத்தான் புறப்பட்டாள் என்பது எனக்குத் தெரியாது. ஐந்து நாட்களின் பின்னர் வவுனியாவிலிருந்து தொலைபேசி வந்தபோதே அறிந்தேன். அந்த நாலு வரியில் எத்தனை பேர் என்ற எண்ணை மட்டும் இருமுறை சரிபார்த்தது இன்றும் நினைவிலிருக்கிறது. அந்த எண்ணுக்குள் யார் யார் என்று யோசிக்கவில்லை.

அன்று புறப்படுவதற்கு முன் அவர்கள் கரையிலே இரண்டு இரவுகள் காத்திருந்தார்கள். "இண்டைக்குச் சரிவராது" என்று ஓட்டி சொன்னால், எவரும் எதிர்த்துப் பேசுவதில்லை. சன்ஸ்காரில் தடியோடு முன்னே நடப்பவரின் சொல்லுக்கும் கிளாலி ஓட்டியின் சொல்லுக்கும் இருந்த மதிப்பு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓரிடத்தில் பயப்பட வேண்டியது இயற்கைக்கு. மற்ற இடத்தில் மனிதருக்கு. வேறுபாடு அவ்வளவே.

பாதை மறைவது நல்ல செய்தியே

2002இல் ஏ9 வீதி திறந்தது, 2006இல் மூடியது, 2009இல் மறுபடி திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. கிளாலிப் படகுப் பயணம் போய்விட்டதே என்று எவரும் கண்ணீர் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சன்ஸ்காரிலும் இன்று இதுவே நிகழ்கிறது. நிமுவிலிருந்து பதும் வழியாக இமாசலப் பிரதேசத்தின் தார்ச்சா வரை செல்லும் 298 கிலோமீற்றர் வீதி, 2024 மார்ச் மாதத்தில் முழுமையாக இணைக்கப்பட்டதாக இந்திய எல்லை வீதிகள் அமைப்பு அறிவித்தது. ஷிங்கு லா கணவாயின் கீழே சுரங்கப்பாதை அமைக்கும் பணி அதே ஆண்டு ஜூலையில் தொடங்கியது. நதியோரமாகப் பாறையைத் தகர்த்து வீதி நீள நீள, பனிமீது நடக்கும் தூரம் குறைந்து வந்திருக்கிறது. உலகம் வெப்பமடைவதால் பனித்தளத்தின் உறுதியும் முன்போல் இல்லை.

நடைப்பிரியர்கள் இதனை இழப்பாகக் கருதலாம். ஆனால் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஜனவரியில் வாகனத்தில் ஏற்றிச் செல்ல முடிகிற ஊருக்கு, அது இழப்பாகுமா? பாதையற்ற காலத்தின் பாதை மறையட்டும். அதன் கதை மறையாதிருந்தால் போதும்.

அவனுக்குச் சொன்னவை

போகாதே என்று நான் சொல்லவில்லை. இளமையில் போகாவிட்டால் எப்போது போவது? சில திருத்தங்களை மட்டும் சொன்னேன்.

லே நகரம் சுமார் 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது நாட்டின் அதியுயர் சிகரமான பீதுருதாலகால 2,524 மீற்றர்தான். சிவனொளிபாத மலையில் ஒரே மூச்சில் ஏறினேன் என்ற பெருமை அங்கே செல்லாது. மூன்று நாட்களாவது லேயிலே தங்கி உடலைப் பழக்க வேண்டும். அங்குள்ள நிர்வாகமும் மருத்துவப் பரிசோதனை முடிந்த பின்னரே நடைக்கு அனுமதி தருகிறது. தலையிடி, வாந்தி வந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நடையின் முன்னும் பின்னும் சும்மா இருப்பதற்கென்று நாட்கள் ஒதுக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி 'இன்று வேண்டாம்' என்றால், விமான ரிக்கற்றைக் காட்டி அவரோடு வாதிடக் கூடாது. முக்கியமாக, அரைவழியில் திரும்பி வருவதையும் பயணத்தின் ஒரு முடிவாக இப்போதே தாளில் எழுதிவைக்க வேண்டும்.

அவன் பேனையை எடுத்து, ஒன்பதை அடித்துப் பதினைந்து என்று எழுதினான். அலுவலகத்தில் இத்தனை நாள் விடுமுறை கிடைக்குமா என்பது வேறு விடயம். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு போகலாம் என்றேன்.

விடைபெறும்போது, "அம்மா உதுகளை ஒருநாளும் சொன்னதில்லை மாமா" என்றான்.

"நீ கேட்டனியோ?" என்றேன்.

பதில் சொல்லவில்லை. அன்றிரவு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "என்னண்ணை, இவனுக்கு என்ன சொல்லி அனுப்பினனீங்கள்? சாப்பிடாமல் கொள்ளாமல் கிளாலிக் கதையைக் கேட்டுக்கொண்டு இருக்கிறான்" என்றாள். குரலில் சலிப்பு இருந்தது. ஆனால் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதும் தெரிந்தது.