அல்மாட்டி செல்வோர் அறிய வேண்டியவை: 14 நாள் விசா விலக்கு முதல் மலைப் பயணம் வரை

மத்திய ஆசியாவின் பெருநகரங்களில் ஒன்றான அல்மாட்டி, டெல்லியில் இருந்து நேரடி விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது. கஜகஸ்தானின் மிகப் பெரிய நகரமான இதில் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கின்றனர். 1997-இல் தலைநகரம் அஸ்தானாவுக்கு மாற்றப்பட்ட பிறகும், அந்நாட்டின் வணிக, பண்பாட்டு மையமாக அல்மாட்டியே விளங்குகிறது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு 2022 ஜூலையில் விசா விலக்கு அளிக்கப்பட்டதைத் தொடர்ந்து, பனிமலைகளைக் காண விரும்பும் இந்தியக் குடும்பங்களின் பயணத் திட்டங்களில் இந்நகரம் இடம்பெறத் தொடங்கியது. விசா தேவையில்லை என்பதால் பலர் கடைசி நேரத்தில் பயணச்சீட்டு எடுத்துப் புறப்படுகின்றனர். ஆனால் தங்கும் நாள்களின் வரம்பு, அண்டை நாடுகளின் விசா விதிகள், மலையின் உயரம் ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கில் கொள்ளாவிட்டால் அபராதம், பணவிரயம், உடல்நலக் குறைவு ஆகியவற்றைச் சந்திக்க நேரிடும்.

நாள் கணக்கில் கவனம் தேவை

இந்தியர்கள் ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் 14 நாள்கள் கஜகஸ்தானில் விசா இன்றித் தங்கலாம். 180 நாள்களுக்குள் எத்தனை முறை சென்றாலும் மொத்தம் 42 நாள்களைத் தாண்டக் கூடாது. சுற்றுலா, உறவினர் சந்திப்பு, வணிகப் பேச்சு போன்றவற்றுக்கே இச்சலுகை பொருந்தும். வேலை, படிப்பு ஆகியவற்றுக்கு உரிய விசா பெற்றாக வேண்டும்.

தரையிறங்கும் நாளையும் ஒரு நாளாகக் கருதித் திட்டமிடுவதே பாதுகாப்பானது. நள்ளிரவுக்குச் சற்று முன்பு தரையிறங்குவோர் இதில் தவறு செய்ய வாய்ப்பு அதிகம். திரும்பும் விமானம் ரத்தாகலாம் என்பதால், கடைசி நாளுக்கு முன்பே ஓரிரு நாள்களை விட்டுவைத்துப் பயணச்சீட்டு எடுப்பது நல்லது. அனுமதிக்கப்பட்ட நாள்களைத் தாண்டித் தங்கினால் அபராதம் விதிக்கப்படும். மீண்டும் அந்நாட்டுக்குள் நுழைவதற்கும் தடை வரக்கூடும்.

அல்மாட்டியில் இருந்து கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக் சாலை வழியாக சுமார் 240 கி.மீ. தொலைவில் இருப்பதால், இரு நகரங்களையும் ஒரே பயணத்தில் காணப் பலர் விரும்புகின்றனர். கஜகஸ்தானின் விசா விலக்கு கிர்கிஸ்தானுக்கோ உஸ்பெகிஸ்தானுக்கோ பொருந்தாது. அந்நாடுகளுக்கான மின்னணு விசாவை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். அங்கிருந்து அல்மாட்டி திரும்புவது புதிய நுழைவாகக் கருதப்படும். அந்த நாள்களும் 42 நாள் கணக்கில் சேரும்.

விமானச் சேவை

டெல்லி - அல்மாட்டி தடத்தில் கஜகஸ்தானின் ஏர் அஸ்தானா நிறுவனம் நீண்ட காலமாக விமானங்களை இயக்கி வருகிறது. இண்டிகோ நிறுவனம் 2023-இல் இத்தடத்தில் சேவையைத் தொடங்கியது. எனினும் 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குத் தனது வான்வெளியைப் பாகிஸ்தான் மூடியதால், அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகளை அந்நிறுவனம் நிறுத்திவைக்க நேர்ந்தது. மாற்றுப் பாதையில் சுற்றிச் செல்லும் தொலைவு, அத்தடத்தில் இயக்கப்பட்ட சிறிய ரக விமானங்களின் பறக்கும் வரம்புக்கு அப்பாற்பட்டதே இதற்குக் காரணம்.

எனவே பயணச்சீட்டு எடுக்கும் முன் அந்த விமானம் அப்போது இயக்கப்படுகிறதா என்பதையும், ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். தமிழகத்தில் இருந்து டெல்லி வழியாகச் செல்வோர், உள்நாட்டு விமானத்தையும் பன்னாட்டு விமானத்தையும் தனித்தனிச் சீட்டாக எடுத்தால் இடையில் போதிய நேரம் விட வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்தச் செலவு பயணியையே சேரும்.

கஜகஸ்தான் 2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதும் ஒரே நேர மண்டலத்துக்கு மாறியது. அதற்கு முன்பு இந்தியாவைவிட அரை மணி நேரம் முன்னதாக இருந்த அல்மாட்டி, இப்போது அரை மணி நேரம் பின்தங்கியுள்ளது. பழைய வழிகாட்டி நூல்களில் உள்ள நேரத்தை நம்பக் கூடாது.

ஆவணங்களும் தங்குமிடப் பதிவும்

குடியேற்ற அதிகாரிகள் திரும்பும் பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு, செலவுக்கான பணம் ஆகியவற்றுக்குச் சான்று கேட்கலாம் என்பதால், அவற்றின் அச்சுப் பிரதிகள் கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லத்தக்கதாக இருப்பது நல்லது. அதில் நுழைவு முத்திரை தெளிவாகப் பதிந்துள்ளதா என்பதை அங்கேயே சரிபார்க்க வேண்டும்.

வெளிநாட்டவர் வந்து தங்கியதைக் குடியேற்றத் துறைக்கு மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பது தங்க இடம் அளிப்பவரின் கடமையாகும். விடுதிகள் இதை வழக்கமாகவே செய்துவிடுகின்றன. இணையம் வழியாகத் தனியார் குடியிருப்பை வாடகைக்கு எடுப்போர், வீட்டு உரிமையாளர் அதைச் செய்தாரா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தியத் தூதரகம் அஸ்தானாவில், அல்மாட்டியில் இருந்து சுமார் 1,000 கி.மீ. தொலைவில் உள்ளது. கடவுச்சீட்டு தொலைந்தால் மாற்று ஆவணம் பெற நாளாகும். அதற்குள் 14 நாள் வரம்பும் முடிந்துவிடக்கூடும். ஆகவே கடவுச்சீட்டின் நகல்களையும் புகைப்படங்களையும் தனிப் பையில் வைத்திருப்பது அவசியம்.

பணம், தொலைபேசி

கஜகஸ்தானின் நாணயம் டெங்கே. அண்மைக் காலத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு ஐந்து முதல் ஆறு டெங்கே வரை கிடைத்துள்ளது. ரூபாய் நோட்டுகளை அங்கு மாற்றுவது கடினம் என்பதால், கிழிசலோ எழுத்தோ இல்லாத அமெரிக்க டாலர் நோட்டுகளைக் கொண்டு செல்லலாம். விமான நிலையத்தில் முதல் நாள் தேவைக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகரில் உள்ள பணமாற்று நிலையங்களில் மாற்றுவது லாபகரமானது.

விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளைக் கடைகளும் உணவகங்களும் பரவலாக ஏற்கின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான அனுமதியைப் புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் இயக்கிவிட வேண்டும். யுபிஐ வசதியை நம்பிச் செல்லக் கூடாது. உள்ளூர் மக்கள் பெரிதும் பயன்படுத்தும் கைபேசிப் பணப்பரிமாற்றத்துக்கு அந்நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால், சந்தை, சிறு கடைகளுக்கு ரொக்கம் தேவைப்படும். உள்ளூர் சிம் அட்டை வாங்கக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும்.

நகருக்குள் போக்குவரத்து

விமான நிலையம் நகர மையத்தில் இருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ளது. வாயிலில் அணுகும் வாகன ஓட்டிகள் பல மடங்கு கட்டணம் கேட்கக்கூடும். யாண்டெக்ஸ் கோ, இன்டிரைவ் ஆகிய செயலிகள் வழியாக வாடகை வாகனம் அழைத்தால் கட்டணம் முன்பே தெரிந்துவிடும். வெளிநாட்டு அட்டையைச் செயலி ஏற்காத நிலையில் ரொக்கமாகச் செலுத்தலாம்.

2011 டிசம்பரில் தொடங்கப்பட்ட மெட்ரோ ரயில், நெரிசல் நேரத்தில் விரைவாகச் செல்ல உதவும். பசுமைச் சந்தைக்கு ஜிபெக் ஜோலி நிலையத்திலும், கோக் தோபே குன்றுக்கான கம்பிவட ஊர்திக்கு அபாய் நிலையத்திலும் இறங்க வேண்டும். அறிவிப்புப் பலகைகள் பெரும்பாலும் கசாக், ரஷ்ய மொழிகளில் சிரில்லிக் எழுத்தில் இருக்கும். எனவே விடுதி முகவரியை அவ்வெழுத்திலேயே கைபேசியில் சேமித்து வைப்பது பயன் தரும்.

திசை அறிவதற்கு மலையே துணை செய்கிறது. நகரின் தெற்கே தியான் ஷான் மலைத்தொடர் உயர்ந்து நிற்க, நகரம் வடக்கு நோக்கிச் சரிந்து செல்கிறது. தெற்கை 'மேலே' என்றும் வடக்கைக் 'கீழே' என்றும் சொல்லி வழிகாட்டுவது உள்ளூர் வழக்கம். சாலையோரங்களில் 'அரிக்' எனப்படும் திறந்த வாய்க்கால்கள் உள்ளன. இருட்டிலும் பனி படர்ந்த நாள்களிலும் அவற்றில் கால் இடறாமல் நடக்க வேண்டும்.

காண வேண்டிய இடங்கள்

பன்பிலோவ் பூங்காவில் உள்ள அசென்ஷன் தேவாலயம் 1907-இல் கட்டி முடிக்கப்பட்டது. மரத்தாலான இக்கட்டடம், நகரைச் சிதைத்த 1911 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றது. அருகில் உள்ள பசுமைச் சந்தையில் உலர் பழங்கள், கொட்டைகள், ஆப்பிள்கள் குவிந்திருக்கும். இன்றைய பயிரிடப்படும் ஆப்பிளின் மூதாதையான காட்டு ஆப்பிள் மரங்கள் அல்மாட்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வளர்கின்றன. அச்சந்தையில் கொரிய வகைக் காய்கறிக் கலவைகளும் கிடைக்கும். 1937-இல் சோவியத் அரசால் மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கொரிய மக்களின் உணவு மரபு அது.

நகரின் கிழக்கே சுமார் 200 கி.மீ. தொலைவில் உள்ள சாரின் பள்ளத்தாக்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். கோல்சாய், கைண்டி ஏரிகளையும் சேர்த்துக் காண விரும்புவோர் ஓர் இரவு அங்கே தங்குவது நல்லது. மூன்றையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாக்களில் பெரும்பகுதி நேரம் வாகனத்திலேயே கழியும்.

மலைக்குச் செல்வோர் கவனத்துக்கு

உலகப் புகழ் பெற்ற மெதேயு பனிச்சறுக்கு அரங்கம் 1,691 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு செல்ல 12-ஆம் எண் பேருந்தைப் பயன்படுத்தலாம். மெதேயுவில் இருந்து கம்பிவட ஊர்தி மூலம் சிம்புலாக் சென்று, அங்கிருந்து ஏறக்குறைய 3,200 மீட்டர் உயரமுள்ள தல்கார் கணவாயை அடையலாம்.

காலையில் நகரில் இருந்தவர் சில மணி நேரத்திலேயே 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிடுகிறார் என்பதைப் பயணிகள் உணர வேண்டும். தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே கீழே இறங்குவதே தீர்வாகும். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் சிறிது நேரம் தங்கி ஏறினால் உடல் பழகும். கோடையிலும் மேலே கடுங்குளிர் நிலவும் என்பதால் கம்பளி ஆடை தேவை. பனிச்சறுக்கில் ஈடுபடுவோர், தங்கள் பயணக் காப்பீடு அவ்விளையாட்டில் ஏற்படும் காயங்களுக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய அல்மாட்டி ஏரி நகரின் குடிநீர் ஆதாரமாகும். நீரில் இறங்குவதற்கும் கரையை நெருங்குவதற்கும் அனுமதி இல்லை.

பருவநிலையும் உணவும்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நகரைச் சுற்றிப் பார்க்க ஏற்றவை. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும். நடைபாதைகளில் பனிக்கட்டி உறைந்து வழுக்கும். அக்காலத்தில் நிலக்கரிப் புகை நகர் மேல் தேங்குவதால், ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசமும் மருந்தும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

கசாக் உணவில் இறைச்சியே முதன்மையானது. புகழ்பெற்ற பெஷ்பர்மாக் குதிரை அல்லது ஆட்டிறைச்சியில் சமைக்கப்படுகிறது. கசி என்பது குதிரை இறைச்சியில் செய்யப்படுவது. காய்கறி உணவாகத் தோன்றும் வடிசாறு, நூடுல்ஸ் போன்றவற்றிலும் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கக்கூடும். சைவ உணவு உண்போர் ரஷ்ய மொழியில் 'பெஸ் மியாசா', அதாவது 'இறைச்சி இல்லாமல்' என்று கூறிக் கேட்டுப் பெறலாம். ரொட்டி, தயிர், பழங்கள் எங்கும் கிடைக்கும். நகரில் இந்திய உணவகங்களும் உண்டு. தொலைதூர மலைப் பயணங்களில் அவ்வசதி இல்லாததால் கையில் உணவு கொண்டு செல்வது நல்லது.

நிலநடுக்கமும் அவசர உதவியும்

அல்மாட்டி நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதியில் அமைந்துள்ளது. 1887, 1911 ஆகிய ஆண்டுகளில் நகரம் பெரும் சேதத்துக்கு உள்ளானது. 2024 ஜனவரியில் சீன எல்லைப் பகுதியில் ஏற்பட்ட வலுவான நிலநடுக்கம் உணரப்பட்டபோது, கடுங்குளிரில் மக்கள் வீடுகளை விட்டுத் தெருக்களில் திரண்டனர். விடுதியில் அறையை அடைந்ததும் அவசர வழி எங்குள்ளது என்று பார்த்துக்கொள்வதும், இரவில் கடவுச்சீட்டு, கைபேசி, கம்பளி மேலாடை, காலணி ஆகியவற்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதும் எளிய முன்னெச்சரிக்கைகள்.

அனைத்து அவசர உதவிகளுக்கும் 112 என்ற எண்ணை அழைக்கலாம். காவல் துறைக்கு 102, ஆம்புலன்ஸ் சேவைக்கு 103, தீயணைப்புத் துறைக்கு 101 ஆகிய எண்கள் உள்ளன. மறுமுனையில் ஆங்கிலம் பேசுவோர் கிடைக்காமல் போகலாம் என்பதால், விடுதி வரவேற்பறையின் எண்ணையும் கைபேசியில் பதிந்து வைக்க வேண்டும். விசா விதிகளும் விமானச் சேவைகளும் மாறக்கூடியவை. பணம் செலுத்தும் முன் கஜகஸ்தான் தூதரகத்தின் அறிவிப்பையும் விமான நிறுவனத்தின் தற்போதைய அட்டவணையையும் சரிபார்ப்பது பயணிகளின் பொறுப்பாகும்.