வட்டிலிருந்து வரிக்கு: பழைய வீட்டுக் கணினி ஆவணங்கள் மீண்ட வரலாறு

1982-ல் வெளிவந்த '2010: ஒடிசி டூ' நாவலை ஆர்தர் சி. கிளார்க் கொழும்பிலிருந்து நியூயார்க்குக்கு ஒரே ஒரு ஐந்தங்குல நெகிழ்வட்டில் அனுப்பினார். ஆர்க்கைவ்ஸ் 3 என்ற கணினியில், வேர்ட்ஸ்டார் மென்பொருளில் அதை எழுதியதையும், கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்க செயற்கைக்கோள் தரைநிலையம் வழியே போனதையும் அவரே நூலில் குறித்திருக்கிறார். தட்டச்சுப் படியாகக் கட்டி அனுப்பினால் ஒரு பெரிய பொதியாகியிருக்கும் நாவல், ஒரு கடித உறைக்குள் அடங்கிப் போனது.

அந்த வட்டில் என்ன இருந்தது? நாவல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அத்தகைய வட்டு ஒன்றை இன்று படித்தெடுக்க முனைபவருக்கு அந்தப் பதில் போதாது. வட்டில் உள்ளவை இரும்பு ஆக்சைடுப் பூச்சில் பதிந்த காந்தத் திசைமாற்றங்கள். ஒரு விதிப்படி படித்தால் அவை பைட்டுகளாகும். அந்தப் பைட்டுகளை இன்னொரு விதிப்படி படித்தால்தான் எழுத்துகள் கிடைக்கும். முதல் விதி வட்டியக்கியில் இருந்தது. இரண்டாவது எழுதிய மென்பொருளில் இருந்தது. இரண்டும் வழக்கொழிந்த பிறகு வட்டு மட்டும் நம் கையில் எஞ்சியிருக்கிறது.

இத்தகைய ஆவணங்களை மீட்கும் முறை வளர்ந்த கதையைத் தொடர்ந்து பார்த்தால், முன்னவர்கள் பயனற்றதென்று ஒதுக்கியதையே பின்னவர்கள் தேடிப் போயிருப்பது தெரிகிறது. பைட்டுகளை உரையாக்கும் எழுத்துமாற்றத்தை இயந்திர வேலையாகக் கருதியதே இதற்குக் காரணம். அது பதிப்புப் பணி. சுவடிப் பதிப்பாசிரியரின் கவனம் அதற்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எட்டாவது பிட்

வேர்ட்ஸ்டார் 1978-ல் வந்தது. ஆஸ்கி குறியேற்றத்துக்கு ஏழு பிட்டுகளே போதும். பைட்டில் எட்டு உண்டு. மிஞ்சிய அந்த மேல்பிட்டை வேர்ட்ஸ்டார் தன் உள்வேலைக்கு எடுத்துக்கொண்டது. வரிகளை ஒழுங்குசெய்யும்போது ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் அந்தப் பிட்டை ஏற்றி வைத்தது. அக்கோப்பை ஐ.பி.எம். கணினியில் வேறொரு நிரல் திறந்தால், ஆங்கில 'இ'-யில் முடியும் சொல்லெல்லாம் கிரேக்கச் சிக்மாவில் முடிந்திருக்கும்.

இதற்குப் பலர் கண்ட மருந்து எளிது: எல்லாப் பைட்டுகளிலும் மேல்பிட்டை அழித்துவிடுவது. ஆங்கிலம் தெளிவாகத் தெரியும். வேலை முடிந்தது என்றே தோன்றும். ஆனால் அதே பிட்தான் வரிமுடிவிலும் ஒரு செய்தியைச் சுமந்தது. எழுதியவர் விசையை அழுத்தி முறித்த வரியின் முடிவில் 13 என்ற எண் இருக்கும். மென்பொருள் இடம் போதாமல் தானே மடித்த வரியில் 141 இருக்கும். மேல்பிட்டை நீக்கினால் 141-உம் 13 ஆகிவிடும். உரைநடையில் இது எரிச்சலோடு போய்விடும். கவிதையில், கவிஞர் முறித்த வரி எது, கணினி மடித்த வரி எது என்பது அந்தக் கணத்தோடு போயிற்று. மூல வட்டையும் வீசிவிட்டிருந்தால் எந்த அறிஞராலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

கமடோர் வட்டும் அதன் இயக்கியும்

வேர்ட்ஸ்டார் கோப்பைக் குறைந்தபட்சம் நகலெடுக்கவாவது முடிந்தது. 1982-ல் வந்த கமடோர் 64 வீட்டுக் கணினியின் வட்டை ஐ.பி.எம். கணினிக்குள் செருகினால் அது வெற்று வட்டு என்றே சாதிக்கும். கமடோரின் 1541 இயக்கி நான்கு பிட்டுகளை ஐந்தாக மாற்றிப் பதிந்தது. வெளிவட்டத் தடங்களில் 21 பகுதிகள், உள்ளே போகப்போக 17 என்று எண்ணிக்கையையும் மாற்றியது. ஐ.பி.எம். கணினியின் வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு இந்த முறையே தெரியாது.

1990-களில் ஆர்வலர்கள் கண்ட வழி, வட்டைப் படிக்க அதன் சொந்த இயக்கியையே அமர்த்துவது. 1541 வெறும் பெட்டியல்ல. தனக்கென்று ஒரு செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் கொண்ட சிறு கணினி. எக்ஸ்1541 என்ற வடத்தால் அதை ஐ.பி.எம். கணினியின் அச்சுப்பொறித் துளையோடு இணைத்து, 35 தடங்களையும் வரிசையாக வாங்கினார்கள். 683 பகுதிகள், பகுதிக்கு 256 பைட்டு, மொத்தம் 1,74,848 பைட்டு. இதுவே டி64 எனப்படும் வட்டுப் படிமம். பழுதான பகுதிகள் எவை என்ற குறிப்பையும் சேர்த்தால் இன்னும் 683 பைட்டு கூடும். இதைச் சேர்க்காமல் விட்ட படிமங்கள் ஏராளம். அவற்றில் ஒரு பகுதி வெறுமையாக இருந்தால், அங்கே எதுவும் எழுதப்படவில்லையா, எழுதியது படிக்கப்படவில்லையா என்று இன்று சொல்ல வழியில்லை. சுவடியில் ஏடு முறிந்த இடத்தைக் குறிக்காமல் அச்சிடும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. இங்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும்.

முழு வட்டையும் படிமமாக எடுப்பதில் இன்னொரு ஆதாயம் உண்டு. கமடோரில் ஒரு கோப்பை அழித்தால், அட்டவணையில் அதன் வகைக் குறி சுழியாகும். அது பிடித்திருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். உரை இருந்த இடத்திலேயே கிடக்கும். கோப்புகளை மட்டும் நகலெடுத்தவர்களுக்கு அழித்த வரைவுகள் கிடைக்கவில்லை. படிமம் எடுத்தவர்களுக்குக் கிடைத்தன. எழுதியவர் வேண்டுமென்றே அழித்ததை நாம் படிக்கலாமா என்ற கேள்வியும் உடனே எழுகிறது. அவரோ அவர் குடும்பத்தாரோ சம்மதிக்காமல் படிக்கக் கூடாது என்பதே என் நிலை.

பைட்டுகள் கிடைத்தாலும் உரை கிடைத்ததாகாது. கமடோரின் பெட்ஸ்கி குறியேற்றம் 1963-ஆம் ஆண்டு ஆஸ்கியை ஒட்டியது. பெரிய எழுத்தும் சிற்றெழுத்தும் பின்னாளைய ஆஸ்கியிலிருந்து இடம்மாறி நிற்கும். அதையும் பின்பற்றாத மென்பொருள்கள் இருந்தன. 1984 ஜனவரியில் கம்ப்யூட்ஸ் கெஜட் இதழ் ஸ்பீட்ஸ்கிரிப்ட் என்ற உரைத்தொகுப்பியை எண்பட்டியலாக அச்சிட்டது. வாசகர்கள் அதைத் தட்டச்சு செய்து தங்கள் வட்டில் ஏற்றிக்கொண்டார்கள். அது உரையைத் திரைக்குறி எண்களிலேயே சேமித்தது: சிற்றெழுத்து 'ஏ' 1, 'பி' 2, பத்தி முடிவு 31. அத்தகைய கடிதம் ஒன்றை இன்றைய உரைத்தொகுப்பியில் திறந்தால் பெரிய எழுத்துகள் மட்டும் ஆங்காங்கே தலைகாட்டும். சொற்களின் மீதியெல்லாம் கட்டுப்பாட்டு எண்களாய் மறைந்து நிற்கும்.

2009-க்குப் பின் கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற கருவிகள் பைட்டுக்கும் கீழே இறங்கின. காந்தத் திசை ஒருமுறை மாறியதற்கும் மறுமுறை மாறியதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து அப்படியே பதிவது இவற்றின் வேலை. கமடோரா, ஆப்பிளா, ஐ.பி.எம்.மா என்ற கேள்வியைப் பிறகு மென்பொருளிடம் விட்டுவிடலாம். ஒரே தடத்தைப் பலமுறை படித்து ஒப்பிடவும் முடியும். சென்னை, கொழும்பு போன்ற ஈரக்காற்று ஊர்களின் வட்டுகளுக்கு ஓர் எச்சரிக்கை: பூஞ்சை படர்ந்த வட்டைத் துடைக்காமல் செருகினால் படிமுனை அழுக்கேறி, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும்.

ஆவணக் காப்பகங்களும் இதே பாதைக்கு வந்தன. 'ரெண்ட்' இசைநாடகத்தின் ஆசிரியர் ஜோனதன் லார்சன் 1996-ல் இறந்தார். அவருடைய வட்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. அவற்றை ஆராய்ந்த டக் ரீசைட், கோப்பை வேர்ட் நிரலில் திறந்தால் ஒரு பாடமும், வெறும் பைட்டுகளாகத் திறந்தால் வேறொரு பாடமும் இருப்பதைக் கண்டார். வேகச்சேமிப்பு வசதி பழைய உரையை அப்படியே விட்டுவிட்டு மாற்றங்களைக் கோப்பின் கடைசியில் ஒட்டியதே காரணம். எமரி பல்கலைக்கழகம் சல்மான் ருஷ்தியின் ஆப்பிள் கணினியையே மென்பொருளில் போலச்செய்து 2010-ல் ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்தது.

தமிழ் வட்டுகள்

யூனிகோடின் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் இயங்குதளம் அதைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் சிற்றிதழ்கள், அச்சகங்கள், புலம்பெயர்ந்தோரின் வீடுகள் எங்கும் தமிழ் எழுத்துருக்களின் தயவில் ஓடியது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவிய பாமினி, ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. ஒரு பாமினிக் கோப்பில் 'தமிழ்' என்ற சொல் ஐந்து பைட்டு: ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகள், பின்னே ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கிலம். அதே பத்தியில் ஆங்கிலச் சொல் ஒன்று இடையில் வந்திருந்து, கோப்பை வெற்றுரையாகச் சேமித்திருந்தால், எந்த எழுத்து எந்த மொழி என்ற குறிப்பும் அழிந்துபோகும்.

இணையத்தில் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாப், டாம் ஆகிய குறியேற்றங்கள் இந்தக் குழப்பத்துக்குத் தீர்வாக வந்தன. டிஸ்கியும் டாபும் ஆங்கிலத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு மேல் 128 இடங்களில் தமிழை வைத்ததால் இருமொழிக் கோப்பு பிழைத்தது. தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மயிலை எழுத்துருவில் ஆரம்பித்து, டிஸ்கிக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கு வந்தது. தமிழ்ப் பேரிலக்கியங்கள் தலைமுறை தலைமுறையாகக் குறியேற்றம் மாறிய வரலாறு அதிலேயே அடங்கியிருக்கிறது. ஊதியமின்றி அதைச் செய்த தன்னார்வலர்களுக்குத் தமிழுலகம் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதின. 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால். யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி அதன்பின். வரிசையை மாற்றுவது நிரலுக்கு எளிது. சிக்கல் ஔகாரத்தில் இருக்கிறது. 'கௌ' என்பதன் வலப்பக்கக் குறியும் ளகரமும் பாமினியில் ஒரே விசை, ஒரே எண். எனவே 'பௌர்ணமி'யின் முதலெழுத்துக்கும் 'பெள' என்ற இரண்டெழுத்துக்கும் கோப்பில் வேறுபாடே இல்லை. மாற்றுநிரல் எல்லாவற்றையும் ஔகாரமாகக் கொண்டால் 'வெளியீடு' என்ற சொல் 'வௌியீடு' ஆகும்; 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' ஆகும். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவர் தாண்டிப் போய்விடுவார். தேடுபொறியோ 'வெள்ளம்' என்று கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டாது. இப்படி மாறிய பக்கங்கள் இன்றும் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன.

ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் பொருளும் யாப்பும் பார்த்துத் தீர்மானித்தார்கள். ஐயமான இடத்தில் பாடவேறுபாடு காட்டினார்கள். பாமினி வட்டிலும் வழி அதுதான். அந்த எண்ணுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம். 'வெளி', 'வெள்' எல்லாம் இதில் அடங்கிவிடும். வராவிட்டால் பெரும்பாலும் ஔகாரம்: 'கௌரவம்', 'பௌர்ணமி', 'வௌவால்'. இவ்விதிக்குள் சிக்காத இடங்களை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். பார்த்து மாற்றிய இடங்களைக் கோப்பிலேயே குறித்தும் வைக்க வேண்டும்.

வீட்டு அலமாரியில் இத்தகைய வட்டுகள் வைத்திருப்பவர்கள் செருகுவதற்கு முன் எழுத்துத் தடையைப் போட்டுவிட வேண்டும். ஐந்தேகால் அங்குல வட்டில் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். மூன்றரை அங்குல வட்டில் மூலைத் துளையைத் திறந்து வைக்க வேண்டும். மேலொட்டியிலுள்ள கையெழுத்தைப் படமெடுத்துக்கொள்வது நல்லது. கட்டுரையும் கதையும் உள்ள கோப்புகளோடு எழுத்துருக் கோப்பு ஒன்றும் வட்டில் இருந்தால், இன்று எங்கும் கிடைக்கும் பாமினிதானே என்று அதை விட்டுவிடக் கூடாது. தங்கள் வசதிக்கேற்ப விசைகளை இடம்மாற்றி, கூட்டெழுத்துகளைச் சேர்த்துக்கொண்ட எழுத்துருக்களும் புழக்கத்தில் இருந்தன. அத்தகைய வட்டில் எந்த எண் எந்த எழுத்து என்பதைச் சொல்லும் ஒரே அகராதி அந்த எழுத்துருக் கோப்பே.