தெலுங்கு மண்ணில் ஒரு தமிழ்ப் பேராயர்

தலைநகரிலிருந்து சென்னை நோக்கி விரையும் தொடர்வண்டிகள், காசிப்பேட்டையையும் வாரங்கலையும் தாண்டி விசயவாடாவை அணுகுமுன், டோர்ணக்கல் என்னும் சந்திப்பு நிலையத்தைக் கடந்து செல்கின்றன. விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் குடும்பங்கள் அவ்வூரை எத்தனையோ முறை கடந்திருக்கும். உறக்கத்திலோ, கட்டுச்சோற்றைப் பிரிக்கும் பரபரப்பிலோ அந்நிலையம் கழிந்துவிடும். நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குக் கிளைப்பாதை பிரியும் இடம் என்பதற்கு மேல் அதனைப் பற்றி நம்மில் பலர் அறிந்ததில்லை. ஆயினும், நெல்லைச் சீமையின் செம்மணற் சிற்றூர் ஒன்றிலே பிறந்த தமிழர் ஒருவர், தம் வாழ்நாளின் கடைசி முப்பத்தைந்து ஆண்டுகளை அவ்வூரை இல்லமாகக் கொண்டு கழித்து, அம்மண்ணிலேயே அடக்கமானார். அவர்தாம் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

தமிழகத்திற்கு வந்த சமயத் தொண்டர்களை நாம் நன்கு அறிவோம். இடையன்குடியில் வாழ்ந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கண்ட கால்டுவெல்லையும், திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த போப்பையும் போற்றாத தமிழ்ச் சங்கம் இல்லை. ஆனால், நம்மிடம் வந்தவர்களை நினைவில் வைத்த நாம், நம்மிடமிருந்து சென்றவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு, பிழைப்பின் பொருட்டன்றிப் பிறர் மண்ணுக்குச் சென்ற ஒருவரது வரலாறு சிந்திக்கத் தக்கதாகும்.

வெள்ளாளன்விளையின் பிள்ளை

அசரியா 1874 ஆகஸ்டு 17 அன்று, மெய்ஞ்ஞானபுரத்தை அடுத்த வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்த் திருச்சபையின் குரு, தாயார் எலன். நீண்ட காலம் மகப்பேறு இன்றி வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின், விவிலியத்தில் அன்னாள் பெற்ற மகனை நினைந்து சாமுவேல் எனப் பெயரிட்டனர். பல கோயில்களின் வாயில்கள் நாடார் குலத்தாருக்கு அடைக்கப்பட்டிருந்த காலம் அது. அக்குலத்திற் பிறந்த அசரியாவுக்கு, பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் கொடுமை ஏட்டில் படித்த செய்தி அன்று.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அவர், பட்டம் பெறாமலே வெளியேறினார். 1895 முதல் கிறிஸ்தவ வாலிபர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றி இளைஞரிடையே பணியாற்றினார். 1898 இல் அன்பு மரியம்மாளை மணந்தார். கல்லூரிக் கல்வி பெற்ற தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர் அவ்வம்மையார்.

1902 இல் அசரியா யாழ்ப்பாணத்திற்குச் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தாங்களே பொருள் திரட்டி, தங்களுள்ளிருந்தே தொண்டர்களை வெளியிடங்களுக்கு அனுப்பி வருவதைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தைச் சுட்டது. நூறாண்டுகளுக்கு மேலாக அயலாரிடம் பெற்றுக்கொண்டே இருந்த திருநெல்வேலித் திருச்சபை, அயலாருக்கு என்ன கொடுத்தது என்னும் வினா அவரை விட்டு அகலவில்லை. அதன் விளைவாக 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதே அதன் கொள்கை. 1905 இன் கிறிஸ்து பிறப்பு நாளில், வங்கத்துச் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் அதன் முதற் பொதுச்செயலாளர் அசரியாவே.

நிஜாம் நாட்டில்

நெல்லைச் சங்கம் தெரிந்தெடுத்த களம் ஐதராபாத்து நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட வாரங்கல் பகுதி. இன்று அஃது ஒரு தொடர்வண்டிப் பயணம். அன்றோ அது வேற்று நாடு. ஆட்சி வேறு, நாணயம் வேறு, அரசு அலுவல் மொழி உருது, மக்கள் மொழி தெலுங்கு. பெருநிலக்கிழார்களான தேசமுக்குகளின் கீழ், கூலியின்றி உழைக்கும் ‘வெட்டி’ முறை வேரூன்றியிருந்தது. அதன் அடித்தட்டிலே மாலர், மாதிகர் எனப்படும் இரு மக்கட் பிரிவினர், ஊர்ப் பொதுக் கிணற்றிலே நீர் மொள்ளவும் உரிமையற்றுச் சேரிகளில் உழன்றனர். வயற்கூலி வேலையும் நெசவும் மாலருக்கு. தோல் தொழில் மாதிகருக்கு. கடன் மட்டும் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

பிறரை அங்குச் செல்லுமாறு மேடைதோறும் அழைத்துக்கொண்டிருந்த அசரியா, தாம் செல்லாமல் அழைப்பது முறையன்று என உணர்ந்தார். 1909 இல் சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. நிலையான பதவியையும் நாடறிந்த பெயரையும் விடுத்து, மனைவி மக்களுடன் டோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். தொடக்கத்தில் கூடாரமே இல்லமாயிற்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்வன்மை மிக்கவராய் விளங்கிய அவர், தெலுங்கு நெடுங்கணக்கைச் சிறுபிள்ளை போல் முதலிலிருந்து கற்றார். நடுவயதில் வேற்று மொழி ஒன்றைக் கற்க முனைந்து, கடைக்காரரின் முன்னும் அண்டை வீட்டாரின் முன்னும் சொல் தடுமாறி நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அத்தடுமாற்றத்தை அவர் விரும்பியே ஏற்றார்.

நட்பு என்னும் கடன்

1910 ஜூன் திங்களில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பேராளர்களுள் ஆசிய நாட்டவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அயல்நாட்டுத் தொண்டருக்கும் உள்நாட்டுத் தொண்டருக்கும் இடையேயுள்ள உறவு குறித்துப் பேச அசரியா அழைக்கப்பட்டார். மேலைநாட்டார் செய்த தியாகத்திற்கு நன்றி கூறிய அவர், அதனோடு நில்லாமல், ஒரே பணியில் ஈடுபட்டும் ஒரே பந்தியில் அமர மனம் வராத நிலையை அவையறிய எடுத்துரைத்தார். பொருளைத் தந்தீர்கள், உடலையும் வருத்தித் தந்தீர்கள், இனி அன்பைத் தாருங்கள், நண்பர்களைத் தாருங்கள் என்னும் பொருள்பட அவர் பேசி முடித்தபோது, அவையில் சிலர் சினந்தனர், சிலர் தலைகுனிந்தனர். அடிமை நாட்டிலிருந்து சென்ற ஒருவர், ஆளும் இனத்தாரின் அவையிலேயே நின்று அவ்வாறு உரைப்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

உலகம் அவரை அப்பேச்சுக்காகவே நினைவிற் கொண்டுள்ளது. ஆயின் நாம் காண வேண்டியது வேறொன்று. எடின்பரோவில் அவர் நட்பைக் கேட்டு நின்ற விருந்தினர், டோர்ணக்கல்லிலோ அவரே வெளியிலிருந்து வந்தவர், கற்றவர், கொடுக்கும் நிலையில் இருந்தவர். வெள்ளையரிடம் அவர் கேட்டதை, மாலருக்கும் மாதிகருக்கும் அவர் கொடுத்தாரா? அவரது வாழ்வை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறில்லை.

1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. வெள்ளையருள் பலர் இதனை விரும்பவில்லை. திருநெல்வேலிக் கிறிஸ்தவருள்ளேயே சாதியை முன்னிட்டு முணுமுணுத்தவரும் உண்டு. பதவி உயர்ந்த பின்னரும் அவர் பயணம் செய்தது பெரும்பாலும் மாட்டு வண்டியில். சேரிகளில் அமர்ந்து அம்மக்களோடு உண்டார். அவர்களது கேள்விகளுக்கு அவர்கள் மொழியில் விடையிறுத்தார். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் நான்கு பேய்கள் எனக் கூறி, அவற்றை ஓட்டுவதும் சமயப் பணியே என வலியுறுத்தினார். சிற்றூர்களுக்கு ஆசிரியராகவும் உபதேசியாராகவும் செல்ல வேண்டியோர் டோர்ணக்கல்லில் மனைவியருடன் தங்கிப் பயின்றனர். கணவர் கற்கையில் மனைவியரும் கற்றனர். அப்பெண்களின் கல்விக்கு அன்பு அம்மையார் அரும்பாடுபட்டார். தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாதிருந்த குடும்பங்களில் தாயும் தந்தையும் ஒருசேரப் புத்தகம் பிடித்தது சிறிய மாற்றமன்று.

ஏழைகள் பெறுவதற்கு மட்டுமே உரியவர்கள் என்னும் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துத் திருச்சபைக்குக் கொடுக்கும் வழக்கத்தை ஊக்குவித்தார். கொடுப்பவன் தலைநிமிர்வான் என்பது அவர் கண்ட உண்மை. டோர்ணக்கல் பேராலயம் இதற்குச் சான்று. கால் நூற்றாண்டுக் காலம் சிறுகச் சிறுக எழுந்த அவ்வாலயம், 1939 சனவரி 6 அன்று திருநிலைப்படுத்தப்பட்டது. தென்னாட்டுக் கோயில்களை நினைவூட்டும் தூண்கள், பள்ளிவாசலை நினைவூட்டும் குவிமாடங்கள், கல்லில் மலர்ந்த தாமரையும் வாழைப்பூவும் என, அம்மண்ணின் மரபுகள் யாவும் அங்கே கைகோத்து நிற்கின்றன. ஐரோப்பியக் கோபுரத்தைப் படியெடுக்க அவர் விரும்பவில்லை. தமிழ்நாட்டுக் கோபுரத்தை மட்டுமே கொண்டுபோய் நடவும் அவர் விரும்பவில்லை.

மறுப்பும் குறையும்

அவர் பணி மறுப்பின்றி நிகழ்ந்ததன்று. 1941 அளவில் அவரது பேராயத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். கூட்டங் கூட்டமாக நிகழும் மதமாற்றம் உள்ளத்தின் மாற்றமாகுமா என்று காந்தியடிகள் 1930களில் வன்மையாக வினவினார். எளிய மக்களுக்கும் தமக்கென ஓர் ஆன்ம வேட்கை உண்டு, தம் வழியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு என்பது அசரியாவின் விடை. இருவரும் தீண்டாமையை வெறுத்தவர்கள். இருவரும் இந்தியத் தன்மானத்தை விரும்பியவர்கள். எனினும் இவ்வொன்றில் ஒன்றுபடவில்லை. அதே அசரியா, கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்தார் என்பதையும் கூறுதல் நேர்மையாகும். திருச்சபை மேலும் ஒரு சாதியாக இறுகிவிடும் என அவர் அஞ்சினார்.

குறைகளும் இருந்தன. திருமுழுக்குப் பெற்ற பின்னும் மாலரும் மாதிகரும் முற்றாக ஒன்றாகிவிடவில்லை. தம்மைவிட மாலருக்கே மிகுதியான வாய்ப்புகள் கிட்டுவதாக மாதிகர் மனங்குமுறியதும் உண்டு. பள்ளி வந்தது, நிலம் வரவில்லை. பேராயரின் அன்பில் தந்தையின் கண்டிப்பும் கலந்திருந்தது. நண்பராக விழைந்தவர் பல வேளைகளில் தந்தையாகவே நின்றார். எனினும், எழுந்து சென்றுவிடக்கூடிய வாய்ப்பிருந்தும் அவர் செல்லவில்லை. 1920 இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1929 முதல் இந்திய தேசியக் கிறிஸ்தவ மன்றத்தின் தலைமை அவரிடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்தது டோர்ணக்கல்லுக்கே. 1945 சனவரி முதல் நாள் அங்கேயே உயிர் நீத்தார். 1919 இல் தரங்கம்பாடியில் அவரும் பிறரும் தொடங்கிவைத்த திருச்சபை ஒன்றிப்பு, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியபோது அதனைக் காண அவர் இல்லை.

புலம்பெயர்ந்த தமிழர் தம் மொழியையும் கலையையும் பேணிக் காக்கச் சங்கம் அமைத்தோம்; அது வேண்டும், இன்னும் வேண்டும். அசரியாவும் தமிழை மறந்தவர் அல்லர். ஆனால் அவர் தம்மை நோக்கிக் கேட்டுக்கொண்ட கேள்வி நம்மையும் நோக்குகிறது. நம் குடியிருப்பின் பின்புறத்தில் வாழ்ந்து, நம் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கவும், நம் தெருவைக் கூட்டவும் வரும் அம்மண்ணின் ஏழையின் பெயர் நமக்குத் தெரியுமா? அவள் மொழியில் அவளது நலம் கேட்க நாம் கற்றிருக்கிறோமா? எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் இக்கேள்விக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, வாரங்கல் கழிந்த பின் சிறிது விழித்திருப்போம். டோர்ணக்கல் வரும். நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே உறங்குகிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.