புத்தூருக்கு வந்த மின்சாரமும் ஒரு கையெழுத்தும்

புத்தூரில் எங்கள் தாய்வழி வளவிலே கட்டிய சிறு வீட்டுக்கு மின் இணைப்புப் பெறவேண்டியிருந்தது. வயறிங் வேலையைத் தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். மிகுதியை முடித்துத் தர ஓர் இளைஞர் வந்தார். பல ஆண்டுகள் மற்றவர்களிடம் உதவியாளராக நின்றவர். சொந்தமாகத் தொழில் தொடங்கி மூன்று மாதங்கூட ஆகவில்லை. இணைப்புக்குக் கொடுக்கவேண்டிய சோதனை அறிக்கையை நிரப்பித் தரும்படி கேட்டேன். "அளக்காமல் எழுத ஏலாது ஐயா. ரெண்டு நாள் பொறுங்கோ" என்றார். அயலில் வேறொருவர் அதே தாளை இரண்டு நிமிடத்தில் நிரப்பித் தர ஆயத்தமாக இருந்தார். எனக்கு எரிச்சல் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

அந்த எரிச்சல் தணிந்தபின்தான் இதன் பின்னாலுள்ள வரலாற்றை எண்ணிப் பார்த்தேன்.

இலங்கையின் நீர்மின் யுகம் 1950இல் லக்சபானாவுடன் தொடங்கியது. எங்கள் குடாநாட்டுக்கோ ஆறுமில்லை, அருவியுமில்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து சுன்னாகத்து டீசல் மின்நிலையமே எங்களுக்கு ஒளி தந்தது. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை உருவாயிற்று. நிலாவரைக் கிணற்றை அண்டிய எங்கள் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீர் இறைக்க மின்மோட்டார்கள் வந்தன. வீட்டு விளக்கைவிடத் தோட்டத்து மோட்டாரையே பெரிதாக மதித்த குடும்பங்களை நான் அறிவேன்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் நின்றது. அப்போது எனக்கு இருபது வயது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. மின்கலங்களுக்குந் தடை, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 17ஆம் திகதி 'ரிவிரச' படை நடவடிக்கை தொடங்கியது. அம்மாத இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. 1996இல் திரும்பி வந்தபோது எங்கள் பழைய வீட்டின் சுவரில் வயர் ஓடிய தடம் இருந்தது, வயர் இல்லை. அதன்பின் மின்சாரம் துண்டு துண்டாகத் திரும்பியது. தேசிய மின்கட்டமைப்புடன் குடாநாடு மீண்டும் இணைந்தது 2013இல்தான்.

இழந்த கம்பங்களையும் கம்பிகளையும் கணக்கெடுத்தார்கள். கணக்கில் வராத இழப்பு ஒன்றுண்டு. மின்சாரமே இல்லாத ஊரில் மின்வினைஞன் எப்படி உருவாவான்? குருவின் பக்கத்தில் நின்று கற்கும் தொழில் இது. குருமாரிற் பலர் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட்டனர். மின்சாரம் திரும்பியபோது விளக்கை எரியவைக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அளந்து பார்க்கும் வழக்கந்தான் அறுந்து போயிருந்தது. விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்பதே இலக்கணமாயிற்று.

அந்த இளைஞர் இரண்டு நாளில் என்ன செய்தார் என்பதைச் சொல்லவேண்டும். 'ட்ரிப் சுவிற்சின்' சோதனைப் பொத்தானை நான் அழுத்திக் காட்டினேன்; அது உடனே விழுந்தது. "அது சுவிற்சு நல்லது எண்டு மட்டுந்தான் சொல்லும் ஐயா, ஏர்த் இருக்கெண்டு சொல்லாது" என்றார். உண்மை. ஏர்த் வயரே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். ஒவ்வொரு பிளக்கிலிருந்தும் அளந்து வந்தவர், குசினியிலிருந்த ஒன்றில் ஏர்த் வயர் பூட்டப்படாமலே உள்ளே மடிந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார். குளிர்சாதனப் பெட்டிக்கென வைத்த பிளக் அது. பெட்டியின் உடலில் மின் கசிந்தால், அதை ஒருவர் தொடும்வரை ட்ரிப் சுவிற்சு அறியாது. தொட்டவரின் உடலே அதற்குச் செய்தி சொல்லும்.

அடுத்து, நிலத்தில் இறக்கிய ஏர்த் கம்பி. எங்கள் ஊரில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். கம்பி கல்லில் முட்டி நின்றிருந்தது. ஆவணி வெயிலில் அதன் தடை 115 ஓம். 230 வோல்ற்றை 115ஆல் வகுத்தால் 2 அம்பியர். ஐந்து அம்பியர் பியூஸ் அதற்கு எரியவே எரியாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிற்சு காப்பாற்றும். ஆனால் அது ஒருநாள் பழுதானால் வேறு காவலில்லை. கிணற்றடியின் ஈர மண்ணில் இன்னொரு கம்பியை ஆழமாக இறக்கி முன்னையதோடு இணைத்தார். தடை பாதிக்குக் கீழே இறங்கியது. ஐப்பசி மழையில் அளந்திருந்தால் பழைய கம்பியே நல்ல பிள்ளை போலத் தோன்றியிருக்கும்.

மின்சாரத் தீ விபத்துகளைத் தடுக்கும் விதிகளை இலண்டனில் பொறியியலாளர் சங்கமொன்று வெளியிட்டது 1882இல். இன்றைய பிரித்தானிய வயறிங் விதிகள் அதன் வழிவந்தவை. 2005 ஜனவரியில் இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டு மின்வேலைகள் கட்டட விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட அமைப்பொன்றில் பதிந்த மின்வினைஞர் தன் வேலைக்குத் தானே சான்றளிக்கலாம். பதியாதவர் முக்கியமான வேலைகளை உள்ளூராட்சிச் சபைக்கு அறிவிக்கவேண்டும். அங்கே தனியாகத் தொழில் தொடங்கிய என் உறவினர் ஒருவர், "வயர் இழுக்கப் பயமில்லை அண்ணை, பேரை எழுதிக் கையெழுத்து வைக்கத்தான் கை நடுங்கினது" என்று சொன்னது நினைவிருக்கிறது. அவர் வேலையை அந்த அமைப்பு இடைக்கிடை வந்து பார்க்கும்.

எங்கள் நாட்டில் 2009ஆம் ஆண்டின் இலங்கை மின்சாரச் சட்டம் வந்தது. மின்வினைஞர்கள் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற வழியுமுண்டு. ஆனால் புத்தூரின் ஒரு வளவுக்குள், எவரும் பாராத வேளையில், தாளில் எழுதும் எண் உண்மையா பொய்யா என்பதைத் தீர்மானிப்பவர் அளவுக்கருவியைப் பிடித்து நிற்கும் அந்த ஒருவரே. மேலே ஒப்பமிடும் பொறியியலாளரும் அந்த எண்ணையே நம்பவேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் தாள் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அளந்த எண், அளந்த திகதி. இரண்டு நாளுக்கு மேலதிகக் கூலி கேட்க அவர் கூச்சப்பட்டார், நானாகவே கொடுத்தேன். இரண்டு நிமிடத் தாளுக்குக் காசு குறைவு என்பதால் அவருக்கு இன்னும் சில வீடுகள் கைநழுவிப் போகக்கூடும். உங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: கையெழுத்தைக் கேட்குமுன் எண்ணைக் கேட்கட்டும், அது அளந்த எண்தானா என்றும் கேட்கட்டும்.