மாலைத்தீவுகளுக்கான விடுமுறைப் பயணம்

மாலைத்தீவுகளுக்கான விடுமுறைப் பயணம் என்பது இந்தியப் பெருங்கடலிலுள்ள மாலைத்தீவுகள் நாட்டுக்குச் சுற்றுலாப் பயணிகள் மேற்கொள்ளும் பயணத்தைக் குறிக்கும். இந்நாட்டின் ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகள், வளைய வடிவான 26 பவளத்திட்டுகளாக, வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கும் கூடிய நீளத்தில் பரந்துள்ளன. இதனால் பன்னாட்டு வானூர்தி நிலையத்தில் இறங்குவதோடு பயணம் முடிவதில்லை. அங்கிருந்து தங்கும் தீவுக்குச் செல்லும் இரண்டாம் கட்டமே பயணத்தின் நேரத்தையும் செலவையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

வரலாறு

1960களில் இங்கு வந்த ஐக்கிய நாடுகள் குழுவொன்று, இத்தீவுகள் சுற்றுலாவுக்கு ஏற்றவை அல்ல எனக் கருதியது. எனினும் 1972 ஆம் ஆண்டில் இத்தாலியப் பயணிகள் சிலர் வந்து சென்றனர். அதே ஆண்டு அக்டோபரில் குரும்பா என்னும் முதல் சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. தலைநகர் மாலேக்கு அருகிலுள்ள ஹுல்ஹுலே தீவில் 1960 இல் உலோகத் தகடுகளைப் பரப்பி அமைத்த ஓடுபாதைக்குப் பதிலாக, 1966 இல் தார் ஓடுபாதை பயன்பாட்டுக்கு வந்தது. 1981 இல் இது பன்னாட்டு வானூர்தி நிலையமானது. 2017 முதல் வெலானா பன்னாட்டு வானூர்தி நிலையம் என அழைக்கப்படுகிறது. 2018 இல் திறக்கப்பட்ட பாலம் இதனை மாலேயுடன் இணைக்கிறது.

தங்கும் தீவை அடைதல்

மாலேக்கு அண்மையிலுள்ள விடுதிகளுக்கு விரைவுப் படகுகள் இரவிலும் செல்கின்றன. தொலைவிலுள்ளவற்றுக்கு கடல் வானூர்தி பயன்படுகிறது. பெரும்பாலும் டுவின் ஒட்டர் வகையைச் சேர்ந்த இச்சிறு வானூர்திகளில் ஏறத்தாழ 15 பேர் பயணிக்கலாம். விமானிகள் வெறுங்காலுடன் ஓட்டுவதைக் காணலாம்.

கடல் வானூர்திகள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. விமானி கண்ணால் பார்த்தே நீர்ப்பரப்பில் இறங்க வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். ஆகவே மாலை நேரத்தில் மாலேயை வந்தடையும் பயணி, விடுதியில் ஓர் இரவுக்குப் பணம் செலுத்தியிருந்தாலும் அவ்விரவை மாலேயிலோ ஹுலுமாலேயிலோ கழிக்க நேரிடும். திரும்பும் வானூர்தி அதிகாலையில் புறப்படுவதாயின் இதே இழப்பு மறுமுனையிலும் ஏற்படும். குறைந்த கட்டணத்துக்காக இரவு வானூர்தியைத் தெரிவு செய்வோர் இதனையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். பயணப்பொதிகளின் எடைக்கும் வரம்பு உண்டு. பன்னாட்டு வானூர்தியில் அனுமதிக்கப்பட்ட எடைக்குக் கடல் வானூர்தியில் கூடுதல் கட்டணம் கேட்கப்படலாம்.

மிகத் தொலைவிலுள்ள தீவுகளுக்கு உள்நாட்டு வானூர்தியே வழி. தென்கோடியிலுள்ள கன் வானூர்தி நிலையம் முன்னர் பிரித்தானிய வான்படைத் தளமாக இருந்தது. 1976 இல் அப்படையினர் வெளியேறினர். உள்நாட்டு வானூர்திகள் இரவிலும் இயங்கக்கூடியவை.

பருவகாலம்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலமாகும். அப்போது வானம் தெளிந்தும் விடுதிக் கட்டணம் உயர்ந்தும் இருக்கும். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று வீசுவதால் மழையும் அலையும் மிகும். இருப்பினும் மழைக்காலம் வீணானதன்று. பா பவளத்திட்டிலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மந்தா திருக்கைகள் பெருந்திரளாகக் கூடுவது இக்காலத்தில்தான். 2011 இல் பா பவளத்திட்டை யுனெசுக்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

விருந்தினர் இல்லங்களும் செலவும்

ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே நெடுங்கால வழக்கம். 2009 இல் ஏற்பட்ட மாற்றத்திற்குப் பின்னர், மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் பெருகின. இவற்றில் மாஃபுஷி பெயர்பெற்றது. இங்கு செலவு குறைவு. ஆயின் இசுலாமிய நாட்டின் சட்டப்படி மது கிடையாது, நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டுமே அனுமதிக்கப்படும். மலிவான பொதுப் படகுகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் ஓடுவதில்லை என்பதால், வந்திறங்கும் கிழமையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நுழைவிசைவு வருகையின்போதே கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பயண அறிவிப்புப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையவழி நிரப்ப வேண்டும். விடுதிகள் விளம்பரப்படுத்தும் கட்டணத்தில் சேவைக் கட்டணம், சுற்றுலா வரி, நாளொன்றுக்கான பசுமை வரி ஆகியவை பலவேளைகளில் அடங்குவதில்லை. கடல் வானூர்திக் கட்டணமும் பொதுவாகத் தனியே அறவிடப்படும்.