காக்கையின் இரைப்பை சொன்ன சாட்சி

மக்காச்சோள முளை பிடுங்கப்பட்டுக் கிடந்தால் காக்கை. தண்டு சாய்ந்து, கதிரின் மடல் உரிக்கப்பட்டிருந்தால் ராக்கூன் என்னும் இரவு விலங்கு. அமெரிக்க உழவர்கள் இப்படித்தான் திருடனைக் கண்டுபிடித்தார்கள். தடயம் குற்றவாளியைக் காட்டும். குற்றத்தின் அளவைக் காட்டுமா, சொல்லுங்கள்?

அந்நாட்டு வேளாண்மைத் துறையைச் சேர்ந்த பாரோஸ், சுவார்ட்ஸ் இருவரும் 900க்கு மேற்பட்ட காக்கைகளின் இரைப்பைகளை ஆராய்ந்து, 1895இல் அறிக்கை வெளியிட்டனர். சோளம் இருந்தது உண்மையே. ஆனால் அதில் பெரும்பகுதி முளையுமன்று, பால் கதிருமன்று. அறுவடைக்குப்பின் சிதறிக்கிடந்த மணிகளே! கூடவே வெட்டுக்கிளிகள், வண்டுகள், பயிரின் அடியை அறுக்கும் புழுக்கள். (செரித்துச் சிதைந்த இறக்கைத் துணுக்கைக் கொண்டு வண்டை இனங்காண்பது எளிய வேலையன்று.) தீமையைவிட நன்மையே மிகுதி என்று தீர்ப்பாயிற்று.

முளையைக் காக்க வேண்டுமா? விதையில் தார் தடவி ஊன்றுங்கள் என்றது அறிக்கை.