வெளிறலின் இரு வழிகள்

நிறம் மாறும் ஈரூடகவாழியைப் பார்க்க மாத்தளையில் யாரும் மீன் கடைக்குப் போக வேண்டியதில்லை. முதுகில் உடுக்கை வடிவ அடையாளம் உள்ள மரத்தவளை, இலங்கைக்கே உரிய பொலிபெடேட்டஸ் குரூசிஜர், குளியலறைச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ நீர்நிலைகளைச் சேர்ந்த அக்சலோட்டலோ கண்ணாடித் தொட்டியில் ஆயுள் முழுக்க நீருக்குள்ளேயே கிடக்கிறது. வாழ்க்கை முறையில் இவ்வளவு தூரம் விலகிய இவ்விரண்டையும் தோலின் நிறத்தை வைத்து ஒப்பிட்டால் எதிர்பாராத உறவொன்று வெளிப்படுகிறது.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். ஈரமான மரப்பலகையின் அடியில் கடும் பழுப்பாக இருக்கும் தவளை, வெளிச்சமான வெள்ளைச் சுவருக்கு வந்த சிறிது நேரத்தில் வைக்கோல் நிறத்துக்கு வெளிறிவிடுகிறது. உடுக்கை அடையாளமும் மங்கிப்போகிறது. அக்சலோட்டலில் இதற்குச் சமமான மாற்றம் வாரக்கணக்கில் நிகழ்கிறது. கறுப்பு மணல் பரப்பிய தொட்டியில் அது மெல்லக் கறுக்கும்; வெறும் வெள்ளைத் தரையில் மெல்ல வெளிறும். தவளையின் தோலில் புதிதாக எதுவும் உண்டாவதில்லை. கிளைவிட்ட நிறமிக் கலத்துக்குள் மெலனின் துகள்கள் கிளைகளெங்கும் பரவினால் உடல் கறுக்கிறது, நடுவில் குவிந்தால் வெளிறுகிறது. அக்சலோட்டலிலும் துகள்கள் நகர்கின்றன. ஆனால் நீண்டகால மாற்றத்தில் நிறமிக் கலங்களின் எண்ணிக்கையே கூடிக் குறைகிறது.

வேகம் வேறானாலும் கட்டளை பிறக்கும் இடம் ஒன்றுதான். 1916இல் தவளை வாற்பேத்தைகளின் கபச் சுரப்பியை அகற்றிப் பார்த்தபோது அவை வெள்ளி போல வெளிறின. கறுக்கச் சொல்லும் ஓமோன் அந்தச் சுரப்பியிலிருந்து வருகிறது என்பது அதிலிருந்தே தெளிவாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, மாட்டின் கூம்புச் சுரப்பியைத் தின்ற வாற்பேத்தைகள் வெளிறுவது தெரியவந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துச் சென்ற ஆரன் லேர்னர் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் மெலடோனினைப் பிரித்தெடுத்தார். தவளைத் தோல் வெளிறுவதே அவருக்கு அளவுகோல். இன்று தூக்க மாத்திரையாக விற்கப்படும் பொருள் தவளையின் தோல் வழியாகத்தான் கண்டறியப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வெப்பத்தில் இரண்டும் பிரிகின்றன. வெயிலில் வெளிறும் தவளை ஒளியைத் திருப்பியனுப்பி உடற்சூட்டைக் குறைத்துக்கொள்கிறது. அதன் வெளிறல் நலத்தின் அறிகுறி. அக்சலோட்டலுக்கு 16 முதல் 18 பாகை வரையான நீர் உகந்தது. 24ஐத் தாண்டினால் அது வாடும். ரிவஸ்டன் மலைக் குளிரில் ஒருவேளை சமாளிக்கலாம். மாத்தளை நகரத்தில் நீரைக் குளிர்விக்காமல் அதை வளர்ப்பது கொடுமை. சூட்டில் அதன் நிறம் திடீரென மங்கி, செவுள் நுனிகள் முன்னோக்கிச் சுருண்டு, தீனியும் வேண்டாமென்றால் உடனே தண்ணீரைச் சோதிக்க வேண்டும். நீந்தியபின் செவுள் சிவப்பது மட்டும் வேறு கதை. அது இரத்தத்தின் நிறம்.

இனி, பலரும் விரும்பி வாங்கும் வெள்ளை அக்சலோட்டல். 1864இல் பாரிசுக்கு வந்த 34 அக்சலோட்டல்களிலேயே வெள்ளையும் இருந்தது. இதன் கண்கள் கறுப்பாகவே இருக்கும். உடலின் நிறமிக் கலங்கள் முளையத்தின் நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டுத் தோலெங்கும் நடந்து பரவ வேண்டியவை. விழித்திரையின் நிறமியோ வேறிடத்தில் பிறக்கிறது. வெள்ளை விலங்கில் அந்த நடை தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. தலையிலும் முதுகின் மேற்பகுதியிலும் தங்கிவிட்ட சில கலங்கள்தான் வளர வளரக் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன. அவற்றைக் கண்டு நோயென்று அஞ்சத் தேவையில்லை.

கண்ணும் வெளிறிய பொன்னிறத் தொட்டிவாசி இதிலிருந்து வேறுபட்டது. அதன் கலங்கள் தோலைச் சேர்ந்துவிடுகின்றன. மெலனினைச் செய்யத்தான் முடிவதில்லை. அந்தப் பரம்பரையலகுகூட அக்சலோட்டலுக்குச் சொந்தமானதன்று. 1960களில் ரூஃபஸ் ஹம்ஃப்ரி அமெரிக்கப் புலிச் சலமந்தருடன் நடத்திய கலப்பில் வந்து சேர்ந்தது.

ஆக, சுவரிலுள்ள தவளையின் வெளிறலுக்கு உண்மையில் நெருங்கியது பொன்னிறமன்று, வெள்ளையே. தவளையில் கறுக்கச் சொல்லும் ஓமோன் குறைகிறது, துகள்கள் குவிகின்றன. வெள்ளை அக்சலோட்டலில் எண்டோதீலின்-3 என்னும் சமிக்ஞை குறைபடுகிறது, கலங்கள் புறப்படாமல் நிற்கின்றன. முன்னதில் சில மணி நேரக் குறை, பின்னதில் பிறவிக் குறை. இரண்டிலும் நிறமிக் கலத்தின்மேல் பழியில்லை. முளையங்களுக்கிடையே ஒட்டு வைத்துப் பார்த்த சோதனைகள் இதற்குச் சான்று. வெள்ளை முளையத்தின் நரம்பு முகட்டுக் கலங்களைக் கரிய முளையத்துக்கு மாற்றினால், அவை தயக்கமின்றி நடந்துபோய் அதன் விலாவில் நிறம் சேர்க்கின்றன.